கப்பல் வராத நாளுக்கான டிரம்

எழுதத் தெரிந்தவர்கள் உட்கார வேண்டிய இடத்தில் நான் வந்து உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நான் பத்தாவது வரை படித்தவன். கப்பல் ஜெட்டியில் இருபது வருடத்துக்கு மேல் மூட்டை இறக்கியவன். நாலு பேர் கூடும் இடத்தில் வாய் திறக்க மாட்டேன். சொல்லப்போவதும் பெரிய விஷயம் இல்லை. ஐம்பதை நெருங்கும் ஓர் ஆள் தன் வீட்டிலேயே ஒளிந்து தின்ற கதை. படித்துவிட்டு யாராவது சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. ஒன்றிரண்டு இடத்தில் இப்போது நானே சிரிக்கிறேன்.

எங்கள் வீடு போர்ட் பிளேரில், பத்துபஸ்தியில் இருக்கிறது. நான் வளர்ந்தது கப்பலில் போக வேண்டிய இன்னொரு தீவில், ஹட் பேயில். அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலை மலையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, அங்கே பாமாயில் தோட்டத்தில் வேலைக்கு வந்தவர்கள். ஹட் பேயில் கப்பல் வந்தால்தான் கடையில் சாமான். கடல் கெட்டுவிட்டால் ஒரு வாரம்கூட வராது. அதனால் எங்கள் ஆட்கள் வீட்டிலெல்லாம் மூடி போட்ட ஒரு டிரம் இருக்கும். அரிசி, பருப்பு, கருவாடு, ரஸ்க், பிஸ்கட், பால் மாவு, சீனி. அதற்குச் சட்டம் இரண்டுதான். கப்பல் ஓடுகிற நாளில் அதைத் தொடக் கூடாது. கப்பல் நின்றுவிட்டால் யாரையும் கேட்காமல் திறக்கலாம்.

போர்ட் பிளேருக்குக் குடிவந்த பிறகு அப்படி ஒன்று தேவையே இல்லை. இங்கே மெயின்லேண்ட் கப்பல் தாமதமானால் வெங்காயம் விலை ஏறும், அவ்வளவுதான். இருந்தாலும் எங்கள் கட்டில் ஓரத்தில் ஒரு நீல டிரம் இருந்தது. மேலே துணி விரித்து டேபிள் ஃபேனை வைத்திருந்தோம். ஃபேனை இறக்கினால்தான் திறக்க முடியும்.

எனக்கு மனச்சோர்வும் பதற்றமும் இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. இந்தத் தீவில் எவரும் உடனே சுனாமியா என்றுதான் கேட்பார்கள். இல்லை. அது வந்தபோது நான் திடமாகத்தான் இருந்தேன், நாலு பேருக்கு உதவியாகவும் இருந்தேன். இது, எல்லாம் அடங்கிப் பல வருடம் கழித்து, காரணம் சொல்லாமல் வந்தது. காலையில் கண் விழித்ததும், யாரோ நெஞ்சில் மூட்டையை இறக்கிவிட்டு எடுக்க மறந்துபோன மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை வேர்க்கும். அப்போது எதையாவது மென்றால் குறையும். மெல்லுவதை நிறுத்தினால் திரும்ப வரும். அதனால் நிறுத்தாமல் மென்றேன். பிஸ்கட், மிக்சர், வேகவைக்காத நூடுல்ஸ். சர்க்கரை வியாதி வந்தது.

பிறகு ஹெர்னியா இறங்கியது. மூட்டை தூக்கக் கூடாது என்றார்கள், வேலை நின்றது. ஆபரேஷன் இரண்டு தடவை தள்ளிப்போனது, இரண்டு தடவையும் சர்க்கரையால்தான். "இன்னும் மூணு மாசம் தர்றேன். அப்பவும் இறங்கலைன்னா சென்னைக்கு எழுதிக் கொடுத்திடுவேன்" என்றார் டாக்டர்.

விமானத்துக்குக் காசில்லாத எங்களுக்குச் சென்னை என்றால் கப்பல்தான். மூன்று நாள். நான் கப்பல் ஏறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கடைசியாக ஹட் பே போனபோது நடுக்கடலில் மூச்சு நிற்கப்போகிறது என்று கத்தி, இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. ஆகவே எனக்குக் கணக்கு எளிது. சர்க்கரை இறங்கினால் ஆபரேஷன் இங்கேயே. இறங்காவிட்டால் கப்பல்.

மனநலப் பிரிவில் கவுன்சிலிங் கொடுக்கும் மலையாளிப் பெண் ஒருத்தி, எங்களுக்கு மகள் வயது, ஒரு வழி சொன்னாள். "தின்னணும்னு தோணினா தின்னுங்க. ஆனா அதுக்கு முன்னாடி வீட்ல யார்கிட்டயாவது வாய்விட்டுச் சொல்லுங்க. எனக்குப் பயமா இருக்கு, தின்னப் போறேன்னு."

என்னைப் போன்ற ஆளுக்கு இதைவிட மூட்டை தூக்குவது சுலபம். முதல் தடவை அடுக்களை வாசலில் நின்று முணுமுணுத்தேன்.

"என்னா? சத்தமா சொல்லுங்க, குக்கர் கத்துது" என்றாள் என் மனைவி.

சத்தமாகச் சொன்னேன்.

"பயமா? சரி. இந்த வெங்காயத்தை உரிச்சிட்டு அப்பறம் தின்னுங்க."

உரித்து முடிப்பதற்குள் பாதிப் பயம் போயிருந்தது. பல நாள் அப்படிப் போனது, சில நாள் போகவில்லை. போகாத நாளில் அவள் முன்னாலேயே இரண்டு பிஸ்கட் தின்றேன். ஒளிந்து தின்னும்போது இரண்டோடு நின்றதில்லை. வீட்டில் இருந்த மிக்சரையும் நூடுல்ஸையும் அவள் கொண்டுபோய், தான் ஆயாவாக வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டாள். "வீட்ல இனி வேற ஒண்ணும் இல்லையே?" என்று கவுன்சிலிங் பெண் கேட்டபோது, இல்லை என்று இருவரும் சொன்னோம். அது பொய்யில்லை. டிரம்மில் இருப்பதை எங்கள் ஆட்கள் வீட்டுச் சாமானாக நினைப்பதில்லை. அது கப்பல் வராத நாளுக்கு உள்ளது. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அந்த டிரம் ஞாபகத்துக்கு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் சொல்லவில்லை.

மூன்றாம் மாதம் முடியும் வாரம், சனிக்கிழமை ரத்தம் கொடுக்க வேண்டும். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஹட் பேயில் என் மனைவியின் அக்கா வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். "ரெண்டே நாள். செவ்வாய்க்கிழமை கப்பல்ல வந்திருவேன்" என்று கிளம்பினாள். என்னைக் கூட வரச் சொல்லவில்லை. சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை ஃபோன் வந்தது. "புயல் எச்சரிக்கையாம், கப்பல் கேன்சல். பயந்துக்காதீங்க. கஞ்சி வச்சிக் குடிங்க." சாயங்காலம் மழை பிடித்தது. புதன்கிழமை காலையில் நெட்வொர்க் போனது. விமானச் சத்தமும் நின்றது. பத்துபஸ்தியில் தலைக்கு மேல் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நின்றால், வீட்டுக்குள் ஏதோ காணாமல்போன மாதிரி இருக்கும்.

பதினோரு மணிக்கு உள்ளங்கை வேர்த்தது. எனக்குப் பயமா இருக்கு, தின்னப் போறேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். சுவர் வெங்காயம் உரிக்கச் சொல்லாது. கஞ்சி குடித்தேன். துணி துவைத்தேன், அந்த மழையில். மறுபடி வந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கடலுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நடுவில் ஒரு கப்பலும் ஓடவில்லை. அப்போது தோன்றியது, கப்பல் வரவில்லை என்றால் சட்டப்படி திறக்கலாமே என்று.

ஃபேனை இறக்கித் தரையில் வைத்தேன்.

அன்று ரஸ்க் ஒரு பாக்கெட், பிஸ்கட் இரண்டு பாக்கெட். தின்று முடித்ததும் கவர்களை மடித்து மெத்தைக்கு அடியில் செருகினேன். வீட்டில் என்னைத் தவிர ஆள் இல்லை, ஆனாலும் செருகினேன். மூன்று மாதம் பட்ட பாடு போயிற்று, இனிச் சென்னைதான் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் பயம் இரண்டு மடங்காகி, வியாழக்கிழமை மறுபடி திறந்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி இருக்கும். பால் மாவில் சீனியைக் கலந்து ஸ்பூனால் அள்ளி வாயில் போட்டிருந்தேன். தண்ணீர் இல்லாமல் தின்றால் பால் மாவு பசை மாதிரி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், நாக்கு அசையாது. அந்த நேரம் பார்த்து, மூன்று நாளாகச் செத்துக் கிடந்த ஃபோன் அடித்தது.

"ஹலோ, என்னாங்க, கேக்குதா?"

கேட்டது. பேச முடியவில்லை.

"என்னாங்க? ஏன் மூச்சு இப்படி வாங்குது? நெஞ்சு அடைக்குதா? பக்கத்து வீட்டு பௌதியைக் கூப்பிடுங்க! ஐயோ அக்கா, இவருக்குப் பேச்சு வரல்ல..."

விரலை விட்டு வழித்துத் துப்பினேன். "பால் மாவு" என்றேன்.

"என்னா?"

"பால் மாவு, புள்ள. டிரம்மைத் திறந்துட்டேன். புதன்கிழமையில இருந்து. பாதி காலி."

லைன் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை.

"அட பாவி மனுசா. ஆளு போயிட்டாருன்னு நெனச்சேன். பால் மாவா?" சிரித்தாள். உடனே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அந்தப் பால் மாவை நான்தானே போன மாசம் புதுசா மாத்தி வச்சேன். ஆஸ்பத்திரியில அந்தப் புள்ள கேட்டப்ப எனக்கு ஞாபகமே வரல்ல பாருங்க. ஒங்களுக்கும் வரல்ல."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"எனக்கு வந்திச்சி" என்றேன். "அன்னைக்கே, பஸ்ஸில. சொல்லல்ல."

இதைச் சொல்வதற்கு, பால் மாவைச் சொன்னதைவிட அதிக நேரம் பிடித்தது. அவள் திட்டவில்லை. "சரி. நாளைக்குக் காலையில ரத்தம். அது வீட்டுல இருக்கக் கூடாது. பௌதிகிட்ட குடுத்திருங்க."

"பௌதிகிட்டயா? வேணாம் புள்ள."

"வேற யாருகிட்ட? நீங்க தூக்காதீங்க, தெரியுமில்ல? அவங்கள வந்து..." என்பதோடு லைன் நிஜமாகவே போனது.

பௌதி என்பது பக்கத்து வீட்டு வங்காளி அம்மா. அவர்கள் பாஷையில் அண்ணி என்று அர்த்தம். என்னைத் தாதா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவார். எட்டு வருடத்தில் அவரிடம் நான் பத்து வார்த்தை பேசியிருப்பேன். அவர் வராந்தாவில் ஈரத் துணியைக் கொடி மாற்றிக் கொடி போட்டுக்கொண்டிருந்தார். நான் மதில் ஓரம் மழையில் நின்றேன். டிரம்மைத் தூக்க முடிந்திருந்தால், அவர் உள்ளே போன நேரம் பார்த்து வாசலில் வைத்துவிட்டு ஓடியிருப்பேன். இருபது வருடம் மூட்டை தூக்கிய எனக்கு, அரை டிரம்மைத் தூக்க ஆள் கூப்பிட வேண்டியிருந்தது.

இந்தியில்தான் பேசினேன். ஒரு டிரம் இருக்கிறது, கொஞ்ச நாள் நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன்.

"உள்ளே என்ன?"

"சாப்பாடு."

"அப்படியென்றால் சாப்பிடுங்கள் தாதா! கப்பல்தான் வரவில்லையே."

"டர் லக்தா ஹை" என்றேன். பயமாக இருக்கிறது. தமிழில் சொல்ல மூன்று மாதம் தடுமாறிய வார்த்தை, இந்தியில் எனக்குச் சொந்தமில்லாததுபோல் வெளியே வந்தது.

"எதற்குப் பயம்? பிஸ்கட்டுக்கா?" பௌதி வாய்விட்டுச் சிரித்தார்.

"ஆமாம். பிஸ்கட்டுக்குத்தான்."

என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். கையிலிருந்த துணியைக் கொடியில் எறிந்துவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார். தனக்குப் பல்லியைக் கண்டால் இப்படித்தான் என்று வழியில் சொன்னார். வீட்டில் பல்லி விழுந்த அன்று அவர் கணவர் வரும்வரை கட்டில் மேலேயே உட்கார்ந்திருந்தாராம். டிரம்மை இடுப்பில் வைத்தவர் ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்தார்.

"பாதியைத் தின்றுவிட்டுத்தான் பயம் வந்ததா?"

மெத்தைக்கு அடியிலிருந்த கவர்களை எடுத்து நானே அவர் பின்னால் கொண்டுபோய்க் குப்பையில் போட்டேன். நான் கேட்டாலும் தரக் கூடாது, என் மனைவியிடம்தான் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் நாலு வெங்காயம் உரித்தேன். சமையலுக்கு ஒன்று போதும்.

மறுநாள் காலை தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். மூன்று நாளாகத் தின்றதை டாக்டரிடம் சொன்னேன். இந்தப் பரிசோதனை மூன்று மாதத்தைப் பார்ப்பது, மூன்று நாளில் பெரிதாக மாறாது என்றார். மதியம் சீட்டு வந்தது. சர்க்கரை போன தடவையைவிட இறங்கியிருந்தது. ஆபரேஷனுக்கு அடுத்த மாதத்தில், இங்கேயே, ஒரு நாள் எழுதிக் கொடுத்தார். ஹட் பே கப்பல் நாலு மணிக்கு வந்தது. கடல் இன்னும் அடங்காததால் என் மனைவி வழியெல்லாம் வாந்தி எடுத்திருந்தாள். அவளுக்குக் கஞ்சி வைத்தேன்.