ஆளில்லாத கூடைகள்

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டு ஊர் ஊராய் அலைந்த எனக்கு, வீடியோ கேம் ஒன்றுக்குக் காட்சிகள் வரையும் வேலை கிடைத்தது. தேயிலை மலையில் திரியும் பேயை வரைய வேண்டும். இரண்டு முறை அனுப்பியும், பயமே வரவில்லை என்று திருப்பிவிட்டார்கள். மூன்றாவதும் சரிவராவிட்டால் வேலை போய்விடும்.

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"பேய்க்கு இம்புட்டு பல்லா? எங்க கங்காணிக்கே இவ்வளவு இல்லீங்க."

எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்ப நீங்க எதுக்குத்தான் பயப்படுவீங்க?" என்று கேட்டேன்.

அவள் வாய் திறப்பதற்குள், மேல் வரிசையில் ஒருத்தி "குளவி" என்றாள், மெதுவாக. சிரிப்பு நின்றது. கூடைகளை இறக்கிவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துத் தலையில் போர்த்திக்கொண்டு செடிகளுக்கடியில் பதுங்கினார்கள். அவள் என்னையும் இழுத்துத் தன் சாக்குக்குள் போட்டாள்.

"ஆடாதீங்க, கூட்டமா வந்து கொட்டினா உசுரே போயிரும். மூச்சையும் மெதுவா விடுங்க."

சாக்கின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். மலை முழுக்கக் கூடைகள் மட்டும் நின்றன.

அதைத்தான் வரைந்து அனுப்பினேன், பேயே இல்லாமல். ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் அன்று குளவிக் கூட்டம் கலைந்ததும் அவள் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்தே மறுபடி பறிக்கத் தொடங்கினாள். அந்த முகத்தை வரையத்தான் எனக்கு இன்னும் கை வரவில்லை.