ஏ.சி. பாயிண்டில் ஒரு கம்ப்யூட்டர்

போன வாரம் வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டில் இன்டர்நெட் பெட்டி மாட்ட ஒருவர் வந்திருந்தார். பெட்டி என்னவோ உள்ளங்கை அகலம்தான். அதை வைக்கத் தோதான மூலையில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட், அதுவும் ஏ.சி.க்காகப் போட்டது. அவர் பையிலிருந்து, பெரிய துளையில் சின்ன பிளக் பொருந்த ஒரு கன்வெர்ட்டரை எடுத்துச் செருகப் போனபோது என் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். "அது ஏ.சி. பாயிண்டுங்க. கரண்ட்டு ஜாஸ்தி வருமே, பெட்டி எரிஞ்சுடாதா?"

"எரியாது. அது தனக்கு வேணுங்கறத மட்டும்தான் இழுத்துக்கும்" என்றேன் நான். பெரிய இன்ஜினீயர் மாதிரி சொல்லிவிட்டேனே தவிர, அந்த வாக்கியம் என்னுடையது இல்லை. ஏழுமலை அண்ணனுடையது. சொல்லி முடித்ததும் வாய் கசந்தது. அப்புறம் குடித்த காபியும் கசந்தது.

ஏழுமலை என்றால் எந்த ஏழுமலை என்று கேட்பீர்கள். நியாயம்தான். எங்கள் பஸ் ஸ்டாண்டில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். நான் சொல்வது ஒயர்மேன் ஏழுமலை. காதுக்கு மேல் ஒரு டெஸ்டர், தோளில் காக்கிப் பை, பேச்சு ரொம்பக் கம்மி. தேரடி வீதியை ஒட்டிய சந்தில் நான் வேலை பார்த்த டி.டி.பி. சென்டரில் பல்பு போனாலும் அவர்தான், ஃபேன் நின்றாலும் அவர்தான்.

எனக்கு அப்போது இருபது வயது. ஆறு மாதச் சான்றிதழ் ஒன்றை வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்கிற நடையில் கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். கடையில் இருந்தது ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். அன்னதான நோட்டீஸ், காதுகுத்துப் பத்திரிகை, வாடகை ரசீது எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். ஜெராக்ஸ் மெஷின் சூடாகும்போது வரும் அந்தக் காகித வாசனை எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனால் அது சூடானால் ஃபியூஸ் போய்விடும். பாதி அடித்த பத்திரிகையோடு கம்ப்யூட்டரும் அணைந்துவிடும். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மணமகன் பெயரை மட்டும் மூன்று தடவை அடித்திருக்கிறேன்.

ஏழுமலை அண்ணன் வந்து பார்த்தார். கடை கட்டும்போதே முதலாளி ஏ.சி.க்கென்று தடிமனான ஒயரில் தனி லைன் இழுத்து வைத்திருந்தார். லைன் வந்ததே தவிர ஏ.சி. வரவே இல்லை. பாயிண்டுக்கு மேல் ஒரு காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் காலண்டரைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "கம்ப்யூட்டரை இதுல குடுத்துடலாம்" என்றார். முதலாளிக்குப் பயம். பதினைந்து ஆம்பியர் பாய்ந்து பெட்டி வெடித்துவிடும் என்றார்.

"லைன் பெருசுன்னா அது தள்ளாது சார். பெட்டி தனக்கு வேணுங்கறத மட்டும்தான் இழுத்துக்கும். பயமெல்லாம் ஒயருக்குத்தான். ஒயர் மெலிசு, அந்தாண்ட ஃபியூஸ் பெருசு. எதுனா ஆச்சுன்னா ஃபியூஸ் போறதுக்கு முன்னாடி ஒயர் எரிஞ்சுடும். அதுக்குத்தான் நடுவுல சின்னதா ஒரு ஃபியூஸ் போடறேன்." அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். ஒரு மரப் பலகையில் சின்ன ஃபியூஸும் சின்ன பாயிண்டும் பொருத்தி, அதிலிருந்து கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார். அதற்கப்புறம் இரண்டு மாதம் அது ஒரு தடவைகூட அணையவில்லை. முதலாளிக்கு மனசு குளிர்ந்து போய், கிரிவலப் பாதையில் தன் மச்சான் கட்டிக்கொண்டிருந்த லாட்ஜின் ஒயரிங் முழுவதையும் அவருக்கே தரச் சொல்வதாக வாக்குக் கொடுத்தார். அதுவரை ஃபேன் மாட்டியே காலம் தள்ளியவருக்கு அது முதல் பெரிய வேலை. அன்றைக்கு அவரே எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆயுத பூஜை வந்தது. ஒரு வருஷத்துத் தூசியையும் அன்றைக்கே துடைக்க வேண்டும் என்று யார் எழுதி வைத்தார்களோ தெரியாது. அந்தக் காலத்துப் பெட்டிகளின் பின்பக்கம், ஒயர் செருகும் இடத்துக்கு அருகில், சின்னப் பள்ளத்தில் ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் 230 வோல்ட், நம் ஊருக்கு உரியது. மறுபக்கம் தள்ளினால் 115, வேறு தேசங்களுக்கு. அந்தப் பள்ளத்தில் இருந்த தூசியை நான் ஸ்க்ரூ டிரைவர் முனையால் நோண்டி நோண்டி எடுத்தேன். பிறகு பெட்டிக்கும் மெஷினுக்கும், அந்த ஸ்க்ரூ டிரைவருக்கும்கூட, சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டோம்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து நான்தான் சுவிட்சைப் போட்டேன். பட்டாசு மாதிரி ஒரு சத்தம். பெட்டியிலிருந்து புகை வந்தது. முதலாளி, "அப்பவே சொன்னேன்" என்று கத்திக்கொண்டே ஏழுமலைக்கு போன் பண்ண வெளியே போனார். நான் பெட்டியைத் திருப்பினேன். சிவப்பு சுவிட்ச் 115-இல் இருந்தது. தூசி நோண்டும்போது நான்தான் தள்ளியிருக்கிறேன் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. பூஜையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அதை 230-க்குத் தள்ளிவிட்டேன். கண் சிமிட்டும் நேரம்தான் ஆகியிருக்கும்.

ஏழுமலை அண்ணன் வந்து பலகையைப் பார்த்தார். அவருடைய சின்ன ஃபியூஸ் போயிருந்தது. அது போனதால்தான் ஒயர் தப்பித்தது, கடை தப்பித்தது. முதலாளியோ அதையே பிடித்துக்கொண்டார், உன் ஃபியூஸே உன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது என்றார். அண்ணன் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"தம்பி, இதுல எதுனா கை வெச்சியா?"

"இல்லண்ணா."

அவர் காக்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். வேலை போனால் அப்பாவோடு மல்லாட்டைக் கொடி, வேர்க்கடலைதான், பிடுங்க நிலத்துக்குப் போக வேண்டும், ஊரில் அத்தனை பேரும் சிரிப்பார்கள். எனக்கு இருந்த பயம் அவ்வளவுதான். அந்தப் பயத்துக்கு நான் ஒரு மனிதரை விற்றேன். லாட்ஜ் வேலை வேறு ஆளுக்குப் போயிற்று. ஏ.சி. லைனில் கொடுத்துக் கம்ப்யூட்டரை எரித்தவன் என்று கடைத்தெருவில் பேச்சாகி, ட்யூப் லைட் மாட்டக்கூட அவரைக் கூப்பிடுவது நின்றது. எனக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். பெங்களூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். அங்கே கட்டட வேலையில் யாரிடமோ கூலிக்கு ஒயர் இழுக்கிறாராம். நான் நலம் விசாரிக்க ஆரம்பித்ததும் அவரே சொன்னார்.

"அந்தச் செவப்பு சுவிட்சு மேல சந்தனம் ஒட்டியிருந்துச்சு தம்பி."

அப்புறம் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நான் சொன்னா தப்பிக்கச் சொல்றேம்பாங்க. நீ சொன்னாதான் நம்புவாங்க. நீயே சொல்லுவேன்னு பாத்தேன்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. அப்போதும் முதலாளியிடம் நான் சொல்லவில்லை என்பதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

இப்போது அந்தச் சந்தில் செல்போன் உறை விற்கிறார்கள். முதலாளி செத்துப் பல வருஷம் ஆகிறது, இனிப் போய்ச் சொல்லவும் ஆள் இல்லை. இப்போது வரும் கம்ப்யூட்டர் பெட்டிகளில் அந்தச் சிவப்பு சுவிட்சையும் காணோம். எந்தக் கரண்ட் வந்தாலும் தானே சரிசெய்துகொள்கிறதாம்.

போன வாரம் அந்த ஆள் பெட்டியை மாட்டிவிட்டுப் போன பிறகு, "இதெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னது?" என்று என் மனைவி கேட்டாள்.

"எங்கியோ படிச்சது" என்றேன்.