நீளமான லிங்க் ராடும் நெட்டையான நாத்தனாரும்

நான் குள்ளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிக்கப் வண்டியை உயர்த்தியதற்கு நான் வீட்டில் சொன்ன காரணங்கள் எல்லாமே பொய். அமராவதிபுதூரில் செடி நர்சரி வைத்திருக்கிறேன். மரக்கன்றுகளைக் கொண்டுபோய் இறக்குவதற்காகப் பழைய பிக்கப் ஒன்று வாங்கியிருந்தேன். மழைக்குத் தோட்டப் பாதைகளில் வண்டியின் அடி தட்டுகிறது, உயர்த்தினால்தான் ஆயிற்று என்று கணவரிடம் சொன்னேன். அப்போது எங்கள் பக்கம் மழை பெய்து வெகுநாள் ஆகியிருந்தது. உண்மையில் எனக்கு இருந்தது ஒரே ஓர் ஆசைதான். எதிரே வரும் பஸ் டிரைவரின் கண்ணை நேருக்கு நேர் பார்க்க வேண்டும்.

காரைக்குடியில் ஒரு பட்டறையில் உயர்த்திக் கொடுத்தார்கள். பெரிய டயரும் போட்டார்கள். வண்டி கம்பீரமாக நின்றது, என்னால்தான் அதில் ஏற முடியவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு ஏறி, அதில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து ஸ்டூலை உள்ளே இழுத்துக்கொள்வேன். வாடிக்கையாளர் யாராவது நின்றால், அவர் அங்குட்டுத் திரும்பும்வரை போன் பேசுவதுபோல் நடித்துக்கொண்டு நிற்பேன்.

கொஞ்ச நாளில் வேகத்தடைகளில் முன்பக்கம் 'டொக்' என்று சத்தம் வர ஆரம்பித்தது. பட்டறையில் காரணம் சொன்னார்கள். திருப்பத்தில் வண்டி ஒரேயடியாகச் சாயாமல் இருக்க, முன்பக்கம் குறுக்கே ஒரு வளைந்த கம்பி உண்டு. அதன் இரண்டு நுனிகளையும் சக்கரங்களின் பக்கம் பிடித்து வைப்பவை லிங்க் ராடு என்ற சிறிய கம்பிகள். வண்டி உயர்ந்துவிட்டது, லிங்க் ராடு பழைய நீளத்திலேயே இருக்கிறது, அதனால் எல்லாம் கோணலாக இழுபடுகிறது. நீளமானதாக வாங்கிக் கொடுத்தால் மாட்டித் தருகிறோம் என்றார்கள். நானே மாட்டிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீடியோவில் ஒருவர் சிரித்துக்கொண்டே அதை மாட்டியதை அதற்கு முந்தைய நாள்தான் பார்த்திருந்தேன்.

ஆன்லைனில் சொல்லியிருந்த நீள லிங்க் ராடு பார்சலில் வந்த அன்று என் நாத்தனாரும் வந்திருந்தாள். கணவரின் தங்கை, கண்டரமாணிக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். பிள்ளையார்பட்டிக்குப் போகலாம் என்று வந்தவளை வேலைக்கு இழுத்தேன். எங்களுக்குள் சண்டை எதுவும் கிடையாது, அதேபோல் பேச்சும் அதிகம் கிடையாது. அவள் நல்ல நெட்டை. கல்யாண போட்டோக்களில் அவள் பக்கத்தில் நிற்காமல் தப்பித்துக்கொள்வதே என் வேலையாக இருந்திருக்கிறது.

அவளை டார்ச் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஜாக்கியால் ஒரு பக்கம் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுக் காட்டிப் பாடம் நடத்தினேன். இரண்டு பாகங்களுக்கு நானே பெயர் வைத்தேன். பிறகு ஸ்பேனரைப் போட்டுத் திருகினேன். நட்டு சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"அண்ணி, உள்ள இருக்க போல்ட்டும் சேந்து சுத்துதே, பரவாயில்லையா?" என்று கேட்டாள்.

முதலில் அப்படித்தான் இருக்கும் என்றேன். கை வலித்த பிறகு போனை எடுத்துத் தேடினேன். போல்ட்டின் நுனியில் ஆலன் கீ என்ற அறுகோணச் சாவி போடுவதற்கென்றே ஒரு குழி இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால்தான் நட்டு கழலும் என்று தெரிந்தது. அவள் பிடித்தாள், நான் திருகினேன். பழைய ராடு வெளியே வந்துவிட்டது.

புதிய ராடோ துளைக்கு நேராகவே வரவில்லை. தள்ளினேன், தொங்கினேன், செடி கட்டும் கயிற்றால் கம்பியைக் கட்டி இருவருமாக இழுத்தோம். தவறான அளவை அனுப்பிவிட்டார்கள் என்று, அனுப்பியவர்களை வாயில் வந்தபடி திட்டினேன். கடைசியில், சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று சக்கரத்தை மாட்டி ஜாக்கியை இறக்கினோம். இறக்கியதும் துளை தானாகவே ராடுக்கு நேராக வந்து நின்றது. ஒரு பக்கத்தை மட்டும் தூக்கியதால்தான் கம்பி முறுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு சக்கரமும் தரையில் இருந்தாலே போதும். வண்டி இருந்த உயரத்துக்கும் நான் இருந்த உயரத்துக்கும், ஜாக்கி இல்லாமலே அடியில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கலாம். இதற்காகத்தான் இறக்கச் சொன்னேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் "சரிங்கண்ணி" என்றாள். முகத்தில் மரியாதை குறையவில்லை, உதடு மட்டும் கொஞ்சம் துடித்தது.

மற்றொரு பக்கம் சீக்கிரம் முடிந்தது. குளித்துவிட்டுப் பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பினோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை மெதுவாக்கி, "கேட்டியா, சத்தமே இல்ல" என்றேன். முன்பு இருந்த சத்தத்தை ஒருநாளும் கேட்டிராத அவள், ஒவ்வொரு தடவையும் தலையாட்டினாள்.

சாமி கும்பிட்டுத் திரும்பும்போது, காலி மைதானம் ஒன்று வந்தது. அவள் வெளியே பார்த்தபடியே சொன்னாள்.

"அண்ணி, நான் எல்.எல்.ஆர். எடுத்து வச்சிருக்கேன். வீட்டுல யாரும் வண்டியத் தொட விட மாட்டேங்கிறாக. நீங்க சொல்லித் தருவீகளா?"

இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் விஷயம் அது. காலையிலிருந்து நான் உளறிய அத்தனையையும் பார்த்த பிறகும் என்னிடம் போய்க் கேட்கிறாள். வண்டியை மைதானத்துக்குள் திருப்பி நிறுத்தினேன்.

இறங்கிச் சுற்றி வந்தவள், சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரே எட்டில் ஏறி உட்கார்ந்தாள். சீட்டைப் பின்னால் தள்ளினாள். அந்த வண்டியை அவளுக்கு அளவெடுத்து உயர்த்தியதுபோல் இருந்தது. நான் பக்கத்துச் சீட்டில், தரையைத் தொடாத காலை ஆட்டிக்கொண்டு கிளட்சு, கியர் என்று ஏதேதோ சொன்னேன். வண்டி இரண்டு தடவை குலுங்கி நின்றது. அடுத்த தடவை நகர்ந்தது. அவள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கண்கள் நிறைந்திருந்ததை நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

இப்போது அவள் உரிமம் வாங்கிவிட்டாள். தூரத்துக்குக் கன்று போக வேண்டுமென்றால் அவள்தான் ஓட்டுகிறாள். அவள் புகுந்த வீட்டில் முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு அவர்கள் தோப்புக்கும் அதே வண்டியில் உரம் ஏற்றச் சொன்னார்கள். போன வாரம் ஓர் ஊரில், புதிதாகத் தோப்பு போடுகிறவர், பக்கத்துச் சீட்டிலிருந்து சறுக்கி இறங்கிய என்னிடம், "ஓனரம்மா வரலையா?" என்று கேட்டார்.

"வண்டியத் திருப்பிட்டு வாராக" என்று சொல்லிவிட்டுக் கன்றுகளை இறக்கப் போனேன்.