சத்தம் ஆகாத அறை

குழந்தைகளின் தொற்றுநோய் வார்டில் வேலை பார்ப்பவளுக்கு வாய் ஓயக்கூடாது. டெங்கு, அம்மை, கக்குவான் என்று எது வந்து படுத்தாலும் குழந்தையிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டேதான் ஊசியைப் போட வேண்டும். எனக்கு அதில் கஷ்டமே இருந்ததில்லை. நாகர்கோவில் பக்கத்துக்காரி நான். பேச ஆரம்பித்தால் நிறுத்துவதற்குத்தான் ஆள் வேண்டும். அப்பேர்ப்பட்டவளை ஓர் ஆடி மாதம் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு நடமாட வைத்தாள் ஒரு சின்னப் பெண்.

ஒன்றாம் வகுப்பு படிக்கிற வயது. ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அப்பாவும், வீட்டு வேலைக்குப் போகிற அம்மாவும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாப்பிட மாட்டேன் என்று வாயை இறுக மூடி அடம்பிடிக்கிறாள் என்றார்கள். அடித்தும் பார்த்திருக்கிறார்கள். அடித்தபோது சிரித்தாளாம், அதில் அம்மாவுக்குக் கோபம் கூடிவிட்டதாம். குழந்தையின் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அது சிரிப்பே இல்லை. தாடை பூட்டிக்கொண்டு, உதடுகள் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தன. பாதத்தில் ஆணி குத்திய பழைய காயம். அதன் மேல் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்து அப்பியிருந்தார்கள். பிறந்த வருடம் போட்ட தடுப்பூசியோடு சரி, பிறகு ஒன்றும் போடவில்லை. டாக்டர் பார்த்த உடனே சொல்லிவிட்டார், ரணஜன்னி, அதாவது டெட்டனஸ்.

இந்தக் காலத்தில் இதைப் பாடப் புத்தகத்தில் மட்டும் பார்த்த நர்சுகள் எங்கள் வார்டிலேயே உண்டு. இந்த நோய்க்கு மருந்து பாதி என்றால் மீதி அமைதி. ஒரு கதவு அறைந்தால் போதும், விளக்கைச் சட்டென்று போட்டால் போதும், பிள்ளையின் உடம்பு வில்லாக வளைந்து மூச்சு நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் மூச்சு திரும்புமா என்று காத்திருக்க வேண்டும். பெரிய மருத்துவமனைக்கு மாற்றலாமா என்று பேச்சு வந்தபோது, நம் சாலைகளில் ஆம்புலன்ஸில் குலுக்கிக்கொண்டு போவதற்கு இங்கேயே வைத்துப் பார்ப்பது மேல் என்று டாக்டர் முடிவு செய்தார். செயற்கை மூச்சுக் கருவியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே தயாராக நிறுத்தினோம்.

எங்கள் கட்டடத்தின் முன்பக்கம் பெரிய சாலை, லாரிகளும் ஹாரனும்தான். பின்பக்கம் பழைய ஊர்த் தெரு. அதனால் பின்பக்க அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தோம். ஜன்னலில் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். தாழ்ப்பாளில் பஞ்சு சுற்றினோம். செருப்பும் செல்போனும் வெளியே. மானிட்டரின் அலறலைக் குறைத்துவிட்டு, அதைக் கண்ணாலேயே காவல் காத்தோம். தொட்டாலே உடம்பு இழுக்கும் என்பதால் எதையும் தனித்தனியாகச் செய்வதில்லை. தூக்க மருந்து ஏறிய பிறகு இரண்டு பேர் உள்ளே போய், சளி உறிஞ்சி, மூக்குக் குழாய் வழியே பாலூட்டி, துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு வெளியே வந்துவிடுவோம். பேச்செல்லாம் கண் ஜாடைதான்.

அம்மாக்காரி முதல் நாளே கண்ணாடி வளையல்களைக் கழற்றினாள். கொலுசைக் கழற்றினாள். மறுநாள் பார்த்தால் மெட்டியும் இல்லை. நடக்கும்போது தரையில் தட்டுகிறதாம். தாலியில் தொங்கிய ஊக்குகளையும் எடுத்துவிட்டு, தாலியை ரவிக்கைக்குள் துணியில் முடிந்து வைத்திருந்தாள். கட்டின புருஷன் இருக்கும்போது மெட்டியைக் கழற்றலாமா என்று வார்டு ஆயாம்மா வாசலில் வைத்துத் திட்டினார். அவள் கேட்டுக்கொண்டே உள்ளே போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். அந்த அறையில் அவள் மூச்சு விடுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டதில்லை. பிள்ளை பெற்ற எனக்கே, ஒரு தாயால் இவ்வளவு அசையாமல் இருக்க முடியுமா என்று மலைப்பாக இருந்தது.

இப்படி ஒருவழியாக வலிப்பு குறைந்துகொண்டு வந்த நேரத்தில், ஒரு வெள்ளிக்கிழமை சேக்காட்டில் இருக்கும் என் வீட்டிலிருந்து வேலைக்கு வந்தவள் பின்தெருவைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டேன். கம்பத்துக்குக் கம்பம் கூம்பு ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுகிறார்கள். சாயங்காலம் அம்மன் ஊர்வலம், பம்பை, உடுக்கை, சரவெடி. எல்லாம் அந்த ஜன்னலுக்குக் கீழேதான் போகும்.

யூனிஃபாரத்தோடு அப்படியே கோயிலுக்குப் போனேன். விழாவை நடத்துகிற பெரியவர் அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம், இப்போது வாடகை வீடுகள் கட்டி விட்டிருப்பவர். பக்கத்தில் எங்கள் மருத்துவமனை வாசலில் பூ விற்கிற அம்மா உட்கார்ந்து மாலை கட்டிக்கொண்டிருந்தாள். வருடா வருடம் அம்மன் அவள் மேல்தான் இறங்கும். இறங்கினால் அவள் போடுகிற கூச்சல் முன்சாலை வரை கேட்கும்.

நான் விஷயத்தைச் சொன்னேன். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சிஸ்டர், ஆடி மாசத்துல அம்மனை ஊமையாட்டம் கூட்டிகினு போவச் சொல்றியா?" என்றார். வேறு தெரு வழியாகப் போகலாமே என்றேன். அது முடியாதாம். அந்தத் தெரு வீடுகளில் குடத்தில் மஞ்சள் தண்ணீரோடு ஜனங்கள் காத்திருப்பார்களாம், பாதையை மாற்றினால் தெய்வக் குற்றமாம். பம்பை அடிக்காவிட்டால் அம்மன் எழுந்திரிக்கவே மாட்டாளாம். எனக்குச் சுள்ளென்று வந்தது. "ஒலிபெருக்கி வைத்தால்தான் கேட்கும் என்றால் அது என்ன சாமி?" என்று கேட்டுவிட்டேன். அங்கிருந்த இளைஞர்கள் எழுந்துவிட்டார்கள். பெரியவர் அவர்களைக் கையமர்த்தி, குழந்தைக்கு என்ன வயது என்று மட்டும் கேட்டார். சொன்னேன். நீ போ என்றார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வாயால் கெடுத்துவிட்டோமோ என்று புலம்பிக்கொண்டே திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து ஒலிபெருக்கி வாய் திறக்கவில்லை. இருந்தாலும் நான் நம்பவில்லை. சாயங்காலம் டாக்டர் தூக்க மருந்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்துவிட்டு மூச்சுக் கருவியின் பக்கத்தில் நின்றார். அம்மாக்காரி கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் கறுப்புக் காகிதத்தின் ஓரத்தை விரல் அகலம் விலக்கி வெளியே பார்த்தேன்.

தெருமுனையில் மஞ்சள் புடவைகள் தெரிந்தன. பெரியவர் முன்னால் வந்தார், கூட்டத்தைப் பார்த்தபடி, பின்பக்கமாக நடந்து. இரண்டு உள்ளங்கைகளையும் தாழ்த்திப் பிடித்திருந்தார். கரகம் எடுத்தவரின் சலங்கை மேல் ஈரத்துண்டு சுற்றியிருந்தது. பம்பைக்காரர்கள் பம்பையை மார்போடு அணைத்து, தோலின் மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு வந்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் பிள்ளைகளை மார்பில் போட்டிருந்தார்கள். பீப்பீ வாங்கிய ஒரு பொடியனின் வாயை அவன் அப்பா பொத்தியிருந்தார். அவ்வளவு ஜனம், ஒரு இருமல் இல்லை. வெறுங்கால்கள் தார் ரோட்டில் உரசுகிற சத்தம் மட்டும் வந்தது.

சரியாக எங்கள் ஜன்னலுக்கு நேரே வந்தபோது பூக்காரம்மாவின் கொண்டை அவிழ்ந்தது. கண்கள் மேலே செருகின. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவள் வாயைத் திறந்தாள். ஆனால் கையிலிருந்த வேப்பிலைக் கொத்தை அப்படியே வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டாள். உடம்பு முழுக்க உதறியது, தாங்கிப் பிடித்த இரண்டு பெண்களும் சேர்ந்து ஆடினார்கள். கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. துளிச் சத்தம் வரவில்லை.

திரும்பிக் கட்டிலைப் பார்த்தேன். குழந்தையின் விரல்கள் இழுக்க ஆரம்பித்திருந்தன. டாக்டர் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். இழுத்த விரல்கள் அப்படியே நின்று, பிறகு மெல்லத் தளர்ந்தன. நெஞ்சு ஏறி இறங்கியது. வெளியே பார்த்தபோது கடைசி வரிசை கடந்துகொண்டிருந்தது.

அருள் வருவதில் எனக்கு அன்றும் நம்பிக்கை இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அது நடிப்பு என்றால் கத்தியிருப்பாளே, கத்தினால்தானே நாலு பேர் பார்ப்பார்கள். நான் பார்த்தது என்ன என்று எனக்கு இன்னும் சொல்லத் தெரியவில்லை.

தெரு திரும்பியதும் பம்பை கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கேட்கவில்லை. ஊர் முழுக்க அப்படியே சுற்றி வந்திருக்கிறார்கள். மறுநாள் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த பம்பைக்காரரிடம், அந்தப் பக்கம் போயாவது அடித்திருக்கலாமே என்றேன். "அம்மனே வாயத் தொறக்காத வந்தா. நான் இன்னாத்துக்கு அடிக்கணும்?" என்று சொல்லிவிட்டு டீயை ஊதினார்.

ஆடி முடிந்து ஆவணியும் பாதி போன பிறகுதான் குழந்தையின் தாடை பிடி விட்டது. முதலில் கஞ்சி, அப்புறம் குழைந்த சாதம், அப்புறம் பேச்சு. ஜன்னல் காகிதத்தைக் கிழித்துவிட்டு, சேர்த்து வைத்திருந்த பேச்சையெல்லாம் அவளிடம் கொட்டிக்கொண்டிருந்தேன். ரணஜன்னியில் நினைவு தப்புவதில்லை, மருந்தின் அரைத் தூக்கத்திலும் காது கேட்கும். படித்திருந்தும் எனக்கு அது உறைத்ததில்லை. ஊர்வலம் போன கதையை நான் சொல்ல ஆரம்பித்ததுமே, தெரியும் என்றாள். காலு சத்தம் கேட்டுகினே இருந்துச்சி, நெறைய காலு என்றாள். பயமாக இருந்ததா என்று கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டினாள். "இத்தினி பேரு வந்துகிறாங்கோ, நம்மள வுட்டுட மாட்டாங்கோன்னு நெனச்சிக்கினேன்."