இன்ஸ்பெக்சன் அன்று எழுந்து நின்றேன்

இங்கே சுவிஸில், மகளின் பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு இன்ஸ்பெக்சன். ஆனால் ஒருவரும் யன்னல் துடைக்கவில்லை, பூச்சாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கவில்லை. ஆறாம் வகுப்புப் படிக்கும் ஆரணி முழங்கால் கிழிந்த காற்சட்டையோடு புறப்பட்டாள். நான் அயர்ன் பண்ணி வைத்த சட்டை கதிரையிலேயே கிடந்தது. அதிகாரிகள் தங்களைப் பார்க்க வரவில்லையாம், பள்ளிக்கூடத்தைப் பார்க்கத்தான் வருகிறார்களாம். எனக்கு அது விளங்கவேயில்லை. பிள்ளைகளைப் பார்க்காமல் பள்ளிக்கூடத்தில் வேறு எதைப் பார்ப்பதாம்?

யாழ்ப்பாணத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்துக்குக் கல்வி அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் ஒரு கிழமைக்கு முதலே கூட்டத் தொடங்கிவிடுவோம். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் ஆய்வுகூடம் அன்றைக்குத் திறக்கும். ஏற்கெனவே செய்து முடித்த கணக்கை ரீச்சர் புதிதாகப் படிப்பிப்பதுபோல எழுதுவா. நாங்களும் ஒன்றும் தெரியாதவர்கள்போல முகத்தை வைத்துக்கொள்வோம். அதிகாரி யாரையாவது சுட்டினால் எழுந்து, கையைக் கட்டி, கேட்டதற்கு மட்டும் பதில். தாய் தகப்பனுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. இங்கேயோ ஆறேழு பெற்றோரை ஓர் அறைக்கு அழைத்து, பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்கிறார்கள். தலைமையாசிரியரும் வகுப்பாசிரியையும் அந்த அறைக்குள் வரவே கூடாது. அழைப்பு எனக்கும் வந்திருந்தது.

சொல்ல எனக்கு ஒன்று இருந்தது. ஆறாம் வகுப்போடு இங்கே பிள்ளைகளைப் படிப்பின் தரப்படி இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். மேற்பிரிவா கீழ்ப்பிரிவா என்பதில் வகுப்பாசிரியையின் பரிந்துரைதான் பெரிது. ஆரணியின் சோதனைப் புள்ளிகள் நல்லம். ஆனால் வகுப்பில் கை உயர்த்துவதில்லை, வாய் திறப்பதில்லை, ஆகவே கீழ்ப்பிரிவுதான் பொருந்தும் என்று ஆசிரியை சொல்லியிருந்தா. பெரியவர்கள் கேட்டால் மட்டும் கதைக்க வேண்டும் என்றல்லவா அவளை வளர்த்தோம்! அவள் யாராவது கேட்பார்கள் என்று காத்திருக்கிறாள். என் கணவருக்கோ பயம். "வாயைக் குடுத்து மாட்டுப்படாதையும். பிள்ளையின்ரை அலுவல் அந்த ரீச்சரின்ரை கையிலை கிடக்கு. எல்லாம் நல்லம் எண்டு சொல்லிப்போட்டு வாரும்," என்றார்.

அறையில் நீள்மேசை, தண்ணீர்க் கிளாசுகள். அதிகாரிகளில் ஒரு பெண் கேட்க, ஓர் ஆண் எழுதிக்கொண்டிருந்தார். இங்கே யார் என்ன சொன்னார் என்பது வெளியே போகாது என்று அந்தப் பெண் சொன்னா. அகதி விசாரணையிலும் இப்படித்தான் சொல்லித் தொடங்கினார்கள். பிறகு நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் என் முன்னாலேயே புரட்டிப் புரட்டிக் கேட்டார்கள். மற்றப் பெற்றோர் காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு மதியச் சாப்பாட்டையும் வீட்டுப்பாடத்தையும் சுவிஸ் டொச்சில், அதுதான் இந்த ஊர்ப் பேச்சு ஜெர்மனில், குறை சொன்னார்கள். அந்தப் பெண் என் பக்கம் திரும்பியதும் எனக்காக மட்டும் புத்தக ஜெர்மனான ஹோக்டொச்சுக்கு மாறி, நிறுத்தி நிறுத்திக் கேட்டா. எல்லாம் நல்லம் என்ற பதில் நாக்கு நுனியில் நின்றது. அதற்குள் என்னை அறியாமலே எழுந்துவிட்டேன். கையும் கட்டியிருந்தது. நான் போகப் போகிறேன் என்று நினைத்தாவோ என்னவோ, கழிப்பறை வலது பக்கம் என்று கதவைக் காட்டினா.

நான் அசையவில்லை. நின்றபடியே, எனக்கு வந்த டொச்சில் சொல்லி முடித்தேன். என் பிள்ளைக்குப் பதில் தெரியும். கை உயர்த்தாத பிள்ளையிடம் இந்தப் பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்கிறார்களா? எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். தாங்கள் தனிப் பிள்ளையை மதிப்பிட வரவில்லை, பரிந்துரையில் தலையிடவும் முடியாது, அதை ஆசிரியையிடமே கதைக்க வேண்டும் என்று அந்தப் பெண் தன்மையாகச் சொன்னா. எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஆனால் அடுத்ததாக, அமைதியான பிள்ளைகள் விஷயத்தில் மற்றவர்களின் அனுபவம் என்ன என்று மேசையைச் சுற்றிக் கேட்டா. என் பக்கத்தில் இருந்த கொசோவோத் தகப்பன், தன் மகனுக்கும் இதே கதைதான் என்றார்.

வீட்டில் ஆரணி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எழும்பி நிண்டனீங்களோ? அம்மா, இஞ்சை ஒருத்தரும் எழும்பிறேல்லை. ரீச்சரோடை கதைக்கேக்கை பிளீஸ், இருந்துகொண்டு கதையுங்கோ."

அடுத்த கிழமை வகுப்பாசிரியையின் முன்னால் மூவரும் போய் இருந்தோம். கால் இரண்டையும் கதிரையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, இன்ஸ்பெக்சன் அறையில் சொன்னதையே சொன்னேன். கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியையின் முகம் சிவந்தது. பிறகு மகளைப் பார்த்து, உனக்கு எந்தப் பிரிவு பொருந்தும் என்று நீ நினைக்கிறாய் என்று கேட்டா. பரிந்துரை இன்னும் எழுதி முடியவில்லை. என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த நாட்டில் பிறந்த என் மகள், அந்தக் கேள்வி வந்ததும் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தாள், கையைக் கட்டினாள், ஒரு பிழையில்லாத சுவிஸ் டொச்சில், மேற்பிரிவு என்றாள்.