பூக்கேட்ட பெட்டிகள்

எங்கள் வீட்டில் எந்தப் பெரிய காரியமானாலும் முருகனைக் கேட்காமல் செய்ததில்லை. கேட்பது என்றால் பூக் கேட்பது. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்துச் சாமி முன்னால் வைப்பார்கள். விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம். அதற்குமேல் பெரியவர், சிறியவர் யாரும் பேச முடியாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கவும் கூடாது. அப்படியே தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

எனக்கு ஏழு வயதானபோது அப்படி ஒரு தடவை நான் பூ எடுத்தேன். விவரம் தெரியாத குழந்தை என்று என்னை நம்பினார்கள்.

கேள்வி என் அத்தையைப் பற்றியது. அப்பாவின் ஒரே தங்கை. கணியூர்ப் பக்கமிருந்து ஓர் இடம் வந்திருந்தது. மாப்பிள்ளைக்கு நூல் வியாபாரம், ஓட்டு வீடு, மூத்த மனைவி தவறி இரண்டு வருஷம், வயது அப்பாவைவிடக் கூட. அப்பாவுக்கு இதில் மனசு இருந்தது. எங்கள் தறி ஓடாத நாட்கள் அதிகமாகிக்கொண்டிருந்தன; தங்கையாவது சோற்றுக்குக் கவலையில்லாத இடத்தில் இருக்கட்டும் என்று நினைத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அத்தையிடம் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. என்னோடு ஒரே பாயில் படுப்பவள், எனக்குத் தலை பின்னுபவள். அவள் போகக் கூடாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்த நியாயம்.

முருகன் சொல்லட்டும் என்று அப்பா முடிவு செய்தார். ஆனால் இலைப் பொட்டலம் வேண்டாம் என்றார். முந்தின வருஷம் பெரியப்பா வீட்டில் கிணறு வெட்டப் பூக் கேட்டபோது, இலை நனைந்து உள்ளே இருந்த சிவப்பு வெளியே தெரிந்துவிட்டது. பிள்ளை பார்த்துத்தான் எடுத்தது என்று பங்காளிகளுக்குள் பேச்சு நின்று போனது. அதனால் இந்தத் தடவை ஒரே மாதிரி இரண்டு சின்ன மரப்பெட்டிகள் செய்து, அதில் பூவை வைப்பது என்று ஏற்பாடாயிற்று.

செய்யும் பொறுப்பைச் சித்தப்பா ஏற்றுக்கொண்டார். அவர் ஒரு பனியன் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பெட்டிகளுக்கு ஆணி அடிக்கும் வேலையில் இருந்தார்.

"நாளெல்லாம் பொட்டி அடிக்கறவனுக்கு இது ஒரு வேலையாங்கண்ணா?" என்றார்.

கம்பெனியில் வீணான பலகைகளைக் கேட்டு வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடித்தார். சாயங்காலம் பார்த்தால் இரண்டும் தலையணை அளவுக்கு நின்றன. ஆணிகள் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தன.

அத்தை பார்த்துவிட்டு, "ஏஞ்சின்னண்ணா, இதுல பூவ வெக்கறதுங்களா, என்னையவே வெச்சுக் கணியூருக்கு அனுப்பறதுங்களா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்காமல் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த ஜோடிக்குச் சித்தப்பா பலகையை மெல்லிசாக இழைத்தார். ஆணி பட்டதும் பலகை பிளந்தது. ஆணி ஆகாது என்று தெரிந்துகொண்டு, தறியில் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியை இன்னும் கெட்டியாகக் காய்ச்சி அதைக் கொண்டு ஒட்டினார். எங்கள் ஆட்களுக்குக் கஞ்சி மேல் அப்படி ஒரு நம்பிக்கை. நூலையே கம்பி மாதிரி நிறுத்துகிற கஞ்சி பலகையை நிறுத்தாதா என்பார்கள். நின்றது. காலையில் பார்த்தால் ஒரு பெட்டியின் மூட்டுகளைக் கரப்பான் நக்கித் தின்றிருந்தது. பிறகு பாவுக் கஞ்சியில் பூச்சிக்குக் கலப்பதுபோல இதிலும் மயில்துத்தம் கலந்தார். கரப்பான் வரவில்லை, மழை வந்தது. மரம் ஊதி மூடிகள் இறுகிக்கொண்டன. அப்பா ஒரு மூடியைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்ததில் பெட்டியே இரண்டாகக் கையோடு வந்துவிட்டது.

 மறுநாள் சித்தப்பா புதுப் பலகை எடுத்து, ஒரே பட்டையிலிருந்து பன்னிரண்டு துண்டுகளையும் அறுத்தார். தனித்தனியாக அளந்ததுதான் இத்தனை நாள் செய்த தப்பு என்றார். கண்ணாடிச் சில்லால் மூடிகளின் விளிம்பைச் சுரண்டிச் சுரண்டி, மழை பெய்தாலும் இறுகாதபடி கொஞ்சம் தளர்வாகவே விட்டார். இப்போது பெட்டிகள் இரண்டும் என் உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி வந்திருந்தன. ஆனால் மரத்தின் ரேகை மட்டும் ஒன்றுபோல் இல்லை.

அதை மறைக்கிற வேலை அத்தைக்கு வந்தது. தறி நாடாவுக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற கை அவளுக்கு. மஞ்சள் நூலும் பச்சை நூலும் எடுத்து, கஞ்சி தடவி, பெட்டியைச் சுற்றி வரிவரியாக ஒட்டினாள். மூடியில் நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி ஒரு பூப் போல வந்தது. கல்யாண வீட்டுச் சிமிழ் தோற்றுவிடும். ஒரு பெட்டியில் பச்சை வரி ஒன்று கூடிப்போனதைக் கண்டுபிடித்து, முழுக்கப் பிரித்து மறுபடி சுற்றினாள். தன் தலையெழுத்துக்குத் தானே நூல் சுற்றுகிறாள் என்று நினைக்கிற வயது எனக்கில்லை.

"ரெண்டும் ஒண்ணாட்டவே இருக்கோணும் கண்ணு. சாமிகிட்டப் போற பொருளு," என்றாள்.

மறுபடி சுற்றியதில் அந்தப் பெட்டிக்கு மஞ்சள் நூல் ஒரு சாண் பற்றவில்லை. வேறு நூலை எடுத்து முடிச்சுப் போட்டாள். அடிப்பக்கம் முடிச்சு விழும் இடத்தில் என் விரலை வைத்து அழுத்தச் சொன்னாள். கடுகளவு முடிச்சு. ஒட்டின நூலும் ஒரு பொட்டு நிறம் கூடுதல். அதை அறிந்தவர்கள் அவளும் நானும் மட்டும்தான்.

கிருத்திகையன்று காலையில் கோயிலுக்குப் போனோம். பெட்டியில் பூ வைக்கிற வேலையை அம்மாவிடம் விட்டார் அப்பா. வாயில்லாதவள், எந்தப் பக்கமும் சேராதவள் என்று அவள்மேல் எல்லோருக்கும் நம்பிக்கை. என்னைச் சித்தப்பாவோடு பிரகாரம் சுற்ற அனுப்பினார்கள். தாகமாக இருக்கிறது என்று அவர் கையை உதறிவிட்டுத் திரும்பி ஓடிவந்தேன். தாகம்தான்; பொய் சொல்லவில்லை. தூணுக்குப் பின்னால் அம்மா உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு பெட்டியைச் சாய்த்துப் பிடித்து, அதற்குள் செவ்வரளியை வைத்துக்கொண்டிருந்தாள். பெட்டியின் அடிப்பக்கம் என்னைப் பார்த்திருந்தது. அந்த முடிச்சு தெரிந்தது. தண்ணீரை மறந்து ஓடிவிட்டேன்.

தீபாராதனை முடிந்து, தட்டில் இரண்டு பெட்டிகளையும் வைத்து, என்னை எடுக்கச் சொன்னார் பூசாரி. அத்தை கைகூப்பித் தரையைப் பார்த்து நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன், எல்லோரும் நம்பட்டும் என்று. முதல் பெட்டியின் அடியில் விரலை விட்டேன், வழவழப்பாக இருந்தது. இரண்டாவதில் கடுகு தட்டுப்பட்டது. அதை எடுத்தேன்.

பூசாரி மூடியைத் திறந்தார். சிவப்பு.

அப்பா சாமியைப் பார்த்துக் கும்பிட்டார். "வேண்டாங்கறான். உடுங்க," என்றார். அவ்வளவுதான். அத்தை விழுந்து கும்பிட்டாள். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள், ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, கன்னம் சிவக்கச் சிவக்க.

எடுக்காத பெட்டியை விடுவதற்குக் கோயிலுக்குக் கீழே ஓடும் வாய்க்காலுக்குப் போனாள் அம்மா. நானும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டே போனேன். தண்ணீரில் வைத்ததும் பெட்டி முழுகாமல் படகு மாதிரி மிதந்தது. கொஞ்ச தூரம் போவதற்குள் கஞ்சி கரைந்து, அத்தை சுற்றிய நூல் மஞ்சளும் பச்சையுமாகப் பிரிந்து நீண்டது. சித்தப்பா தளர்வாக விட்ட மூடி ஒரு கல்லில் தட்டிக் கழன்றது. உள்ளே இருந்த பூ வெளியே வந்து மிதந்தது.

அதுவும் செவ்வரளி.

அம்மா என்னைப் பார்த்தாள். "வா கண்ணு, நேரமாச்சு," என்றாள்.

நான் கள்ளத்தனம் செய்ததால் முருகன் கோபித்துக்கொண்டு வெள்ளையைச் சிவப்பாக்கிக் காட்டிவிட்டான் என்றுதான் நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அத்தை பிறகு அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறை வைத்திருந்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு நன்றாக இருந்தாள். அந்தத் தடவை யாரும் பூக் கேட்கவில்லை, அத்தையைத்தான் கேட்டார்கள். ஆனாலும் கிருத்திகை வந்தால் எனக்குச் சோறு இறங்காது. சாமியை ஏமாற்றியதற்கு விரதம் இருக்கிறேன் என்று பத்து வயதில் நானே ஆரம்பித்தேன். அம்மாவும் அந்தக் கிருத்திகையிலிருந்து விரதம் இருந்தாள், கண் மூடுகிற வரைக்கும். எதற்கென்று நான் கேட்டதில்லை. என்னையும் அவள் கேட்கவில்லை.

முப்பது வருஷம் ஒரே சன்னதியில், பக்கத்தில் பக்கத்தில் நின்று, இரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். அம்மாவும் அதே குற்றத்துக்குத்தான் மன்னிப்புக் கேட்கிறாள் என்பது, அவள் போன பிறகு ஒரு கிருத்திகையில் தனியாக நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.