மீசைக்காரர் சொன்ன வைத்தியம்

உத்திரமேரூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்று நான் ஒருத்திதான் டாக்டர். பாம்பு கடித்த ஒருவரை வயலிலிருந்து தூக்கி வந்தார்கள். காலில் இறுக்கிக் கட்டியிருந்த கயிற்றில் கை வைத்தேன். அவருடைய அண்ணன் தட்டிவிட்டார்.

"சின்னப் பொண்ணா கீறியேம்மா. பெரிய டாக்டர் வரட்டும்."

கடிபட்டவருக்கு இமைகள் சரியத் தொடங்கின. வாதாட நேரமில்லை. நரைத்த மீசைக்கார வார்டு உதவியாளரின் காதில் சொன்னேன். அவர் அதையே உரக்கச் சொன்னார்.

"மருந்து ஏத்திட்டு கயித்த அவுக்கணும். தள்ளு."

அண்ணன் உடனே விலகினார். மருந்தை ஏற்றினேன். ஆள் பிழைத்தார். அண்ணன் கும்பிட்டது உதவியாளரை.

எனக்கு எரிந்தது. பிழைத்தவரின் மனைவி மெல்ல அருகில் வந்தாள்.

"அந்த மீசைக்காரரு ஒவ்வொரு வார்த்தைக்கும் உன் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தாரு. யாரு டாக்டர்னு எனக்கு அப்பவே தெரியும்மா. நான் சொன்னா யாரு கேக்கறாங்க?"

அந்த அறையில் வாயடைத்து நின்றது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.